14. அந்தப் பக்கம் சத்தமே இல்லை

அம்மா கார் சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

"போனைக் காதுல வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டற பேச்சே கூடாது. நான் கூப்பிட்டா, ஸ்டியரிங்ல இருந்து கையை எடுக்காம நீ பதில் சொல்லணும். என் கண் முன்னாடி பேசிக் காட்டு, சாவியைத் தர்றேன்." இதுதான் அவள் போட்ட நிபந்தனை.

பாப்பாவுக்கு இது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. பாப்பா என்றதும் தொட்டிலைத் தேடாதீர்கள். படித்து முடித்து, பிசியோதெரபிஸ்ட் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டவள். நோயாளிகள் டாக்டர் என்கிறார்கள். வீட்டில் மட்டும் பதவி உயர்வு கிடைக்கவில்லை, இன்னும் பாப்பாதான்.

நாளைக் காலையிலிருந்து அவளுக்குப் புது வேலை. ஊருக்கு வெளியே, எழுந்து நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும். சொந்த வண்டி இருந்தால்தான் அந்த வேலை. வண்டி இருக்கிறது. அப்பா இறந்துபோய் ஒரு வருஷமாக உறைக்குள் மூடி வாசலில் நிற்கிறது. கையில் தொடாமல் போன் பேசும் வசதியையும் அப்பாவே தன் கையால் பொருத்தி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். தன் போனை அதோடு இணைத்து ஒரு வார்த்தை பேசினால் முடிந்தது என்று நினைத்தாள்.

இந்த அம்மா ஏன் இப்படி ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்று உங்களில் சிலருக்கு எரிச்சல் வந்திருக்கும். எனக்கும் வந்தது. இன்றைக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அந்த எரிச்சலுக்காக வெட்கப்படுகிறேன்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே டேப்பு சித்தப்பா வந்துவிட்டார்.

அப்பாவின் தம்பி. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். உடைந்தது, கிழிந்தது, ஒழுகுவது எதுவானாலும் கறுப்பு டேப்பை எடுத்துச் சுற்றிவிட்டு, "இனி இது என் காலத்துக்கும் தாங்கும்" என்பார். அது அடுத்த வாரம் வரைக்கும் தாங்கும். அண்ணன் இதற்கு நேர்மாறு. அவரும் கடைக்காரனிடம் போக மாட்டார், தானேதான் செய்வார். ஆனால் ஒரு ஒயர் வெளியே தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இந்த விஷயத்தில் அண்ணன் தம்பி இருவரும் வாழ்நாள் முழுக்க ஒருவரை ஒருவர் கேலி செய்தே காலத்தை ஓட்டினார்கள்.

அம்மா ஜிப்பைத் திறந்து சாவியைக் கொடுத்தாள். "டெஸ்ட் பண்ண மட்டும்தான் தம்பி. முடிஞ்சதும் என் கைக்கு வரணும்."

"வந்துடும் அண்ணி. சாவியை வெச்சு நான் என்ன ஊர்வலமா போகப் போறேன்?"

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் முட்டை வேகவைக்கத் தண்ணீர் வைத்தாள்.

உறையை உருவியதும் தூசி பறந்தது. சித்தப்பா போன வாரமே புது பேட்டரி போட்டிருந்தார். சாவியைத் திருகியதும் வண்டி இரண்டு முறை முனகிவிட்டு உயிர் பெற்றது. டேஷ்போர்டு நடுவில் அப்பா மாற்றிய புது ஸ்டீரியோவின் திரை வெளிச்சமானது. பாப்பா தன் போனை இணைக்கப் போனாள். ஏற்கெனவே இணைந்திருந்த போன்களின் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அப்பாவின் போன்.

"அதை அழிச்சுட்டு உன்னோடதைப் போடு," என்றார் சித்தப்பா.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் சித்தப்பா. இடமா இல்ல?"

முன்கண்ணாடியில், உள்பக்கமாக, வட்டமாக ஒரு பசைத் தடம் இருந்தது. பாப்பா அதை விரலால் தொட்டாள். "இங்க ரோட்டைப் படம் பிடிக்கிற கேமரா ஒண்ணு வெச்சிருந்தாரே, எங்க?"

"அதுவா... கடையில இருக்கு. ரிப்பேரு." சித்தப்பா அவசரமாகத் திரும்பி டேப்பைத் தேடினார். டேப் அவர் கையில்தான் இருந்தது.

பாப்பா அதைக் கவனிக்கவில்லை. போன் இணைந்துவிட்ட சந்தோஷத்தில், உள்ளே இருக்கும் அம்மாவுக்கு அழைப்பு போட்டாள்.

மணி அடிக்கும் ஓசை வண்டி முழுக்கக் கேட்டது. அம்மா எடுத்தாள்.

"ஹலோ."

நான்கு கதவு ஸ்பீக்கரிலிருந்தும் அம்மா பேசினாள். அவ்வளவு துல்லியம். பாப்பா சித்தப்பாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள்.

"அம்மா, நான்தான். வண்டில இருந்து பேசறேன். கேக்குதா?"

"ஹலோ?"

"கேக்குதாம்மா?"

"ஹலோ... பாப்பா? பேசு."

"பேசிட்டுத்தாம்மா இருக்கேன்! அம்மா!"

"பேசு பாப்பா. ஏன் பேச மாட்டேங்கற?" அம்மாவின் குரல் உடைந்தது. "பேசுங்க. ஏதாவது ஒண்ணு பேசுங்க. பேசாம இருக்காதீங்க..."

ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம். அப்புறம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் வண்டிக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

பாப்பா கதவைத் திறந்துபோட்டபடியே ஓடினாள்.

*

அம்மா சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் கிடந்தது. பாப்பா முதலில் குழாயை மூடினாள், பிறகு அடுப்பை அணைத்தாள், அதன் பிறகுதான் அம்மாவின் பக்கத்தில் உட்காரத் தோன்றியது.

"என்னம்மா ஆச்சு? மைக்ல ஏதோ கோளாறு, அவ்வளவுதான். அதுக்குப் போயி..."

"நான் பேசினது உனக்குக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சும்மா. வண்டியே அதிர்ந்துச்சு."

"முழுசாவா? ஒரு வார்த்தை விடாம?"

"ஒரு வார்த்தை விடாம."

"நீ பேசினியா?"

"கத்தினேன்மா. உனக்குத்தான் வரல."

அம்மா தலையை ஆட்டினாள். வாசல்படியில் நின்றிருந்த சித்தப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

"அன்னிக்கும் இதே சத்தம்தான். உள்ளே லேசா ஒரு இரைச்சல். வேற ஒண்ணுமே இல்ல."

"என்னைக்கும்மா?"

"உங்கப்பா போன அன்னிக்கு."

பாப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். அப்பா காலையில் வேலைக்குக் கிளம்பினார். வழியில் நெஞ்சு வலி. அந்த நிலையிலும் வண்டியை ஓரம் கட்டி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். பின்னால் வந்த லாரி டிரைவர் பார்த்துச் சொன்னார். இதற்கு நடுவில் ஒரு போன் அழைப்பு இருந்தது என்பதை இன்றுதான் கேட்கிறாள்.

அம்மா சொன்னாள். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, முட்டைத் தண்ணீர் ஆறுகிற நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

அவர் இறந்ததற்கு முந்தின நாளும் ஞாயிறுதான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த அம்மாவின் அக்காவைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். போகவில்லை. பகல் முழுக்கக் காரில் மல்லாந்து கிடந்து ஸ்டீரியோவைப் பிரித்துப் போட்டிருந்தார். அவள் தனியாக பஸ்ஸில் போய் வந்தாள். மறுநாள் காலையில் சண்டை. அவர் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, மனசு கேட்காமல் இவள் போன் போட்டாள்.

"எடுத்தாரு. எடுத்துட்டுப் பேசவே இல்ல. ஹலோ ஹலோங்கறேன், மூச்சு விடற சத்தம்கூட இல்ல. கோவத்துல வேணும்னே இருக்காருன்னு நினைச்சேன். எனக்கும் வந்துச்சு பாரு ஒரு கோவம். 'பேச மாட்டீங்களா? சரி, பேச வேண்டாம். இனிமே உங்க குரலே எனக்கு வேண்டாம்'னு சொல்லி வெச்சுட்டேன்." அம்மா உதட்டைக் கடித்தாள். "அப்புறம் அந்தக் குரலே வரல."

பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் நாள் முழுக்க போன் எடுப்பதுதான் அம்மாவின் வேலை. மறுமுனையில் ஒரு நொடி தாமதித்தால் போதும், "பேசுங்க, பேசுங்க" என்று பதறுவாள். வீட்டுக்கு வந்தால் யாருக்கும் போன் செய்ய மாட்டாள், மெசேஜ் மட்டும்தான். வயசாகிறது என்று பாப்பா கேலி செய்திருக்கிறாள். அது ஞாபகம் வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆக, அவரு சும்மா இருக்கல," என்றாள் அம்மா மெதுவாக. "பேசியிருக்காரு. எனக்குத்தான்..."

சித்தப்பா குறுக்கிட்டார். "அவசரப்படாதீங்க அண்ணி. மைக் அப்பவே இப்படி இருந்துச்சா, இப்பதான் கெட்டுப்போச்சான்னு தெரியாது. ஒரு வருஷம் மழையிலயும் வெயில்லயும் நின்ன வண்டி."

"பிரிச்சுப் பாத்தா தெரியுமா?"

"தெரியும்."

"அப்பப் பிரிங்க தம்பி. எனக்குத் தெரிஞ்சாகணும்."

தெரிந்து என்ன ஆகப்போகிறது? மைக் இப்போதுதான் கெட்டதென்றால், அவர் கோபத்தோடே போனார். அப்போதே கெட்டிருந்ததென்றால், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இவள் போனை வைத்தாள். எது வந்தாலும் அடி அவளுக்குத்தான். ஆனாலும் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

*

மைக் என்பது ஒரு அவரை விதை அளவுதான். ஓட்டுபவரின் தலைக்கு மேலே, கூரை விளக்குக்குப் பக்கத்தில் அப்பா அதைப் பதித்திருந்தார். அதிலிருந்து போகிற மெல்லிய ஒயர், கூரைத் துணிக்கு உள்ளேயும் கண்ணாடி ஓரத்துப் பிளாஸ்டிக்குக்குப் பின்னாலும் இறங்கி ஸ்டீரியோவுக்குப் போகிறது. வெளியே ஒரு இழை தெரியவில்லை.

பாப்பா ஓரத்துப் பிளாஸ்டிக்கை நெம்பிக் கழற்றினாள். ஒயரை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். எலி கடிக்கவில்லை. எங்கும் நசுங்கவும் இல்லை.

"ஒயர் நல்லா இருக்கு," என்றாள்.

அம்மா வாசலிலிருந்து இறங்கி வண்டியருகே வந்தாள்.

சித்தப்பா கடையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் ஸ்கேலை ஸ்டீரியோவின் ஓரச் சட்டத்துக்குள் விட்டு நெம்பினார். சட்டம் வந்தது. திருகுகளைக் கழற்றி, பெட்டியை மெல்ல முன்னால் இழுத்தார். பின்னாலிருந்த ஒயர்களைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது. ஒவ்வொரு இணைப்புக்கும் உறை, ஒவ்வொரு கொத்துக்கும் கட்டு. மருந்துக்கும் டேப் இல்லை.

"'உன் டேப்பு இல்லாமலே முடிச்சுட்டேன்டா'ன்னு அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன்ல பீத்திக்கிட்டாரு," என்றார். "பீத்திக்க வேண்டிய வேலைதான்."

"மைக் எங்க போகுது பாருங்க சித்தப்பா."

பெட்டியின் முதுகில் இரண்டு துளைகள் அருகருகே இருந்தன. ஒன்று மைக்குக்கு. இன்னொன்று வெளியிலிருந்து பாட்டு கொடுப்பதற்கு. இரண்டும் ஒரே அளவு, எதில் குத்தினாலும் பிளக் உட்கார்ந்துகொள்ளும். பாப்பா டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள்.

மைக் துளையின் பக்கத்தில் சிவப்பாகச் சின்னதாக ஒரு பொட்டு. மைக் ஒயரின் பிளக்கிலும் அதே சிவப்பில் ஒரு பொட்டு.

ஆனால் பிளக் இருந்தது பொட்டு இல்லாத துளையில்.

"மேஜை மேல இருக்கறப்ப சரியாத்தான் அடையாளம் வெச்சிருக்காரு," என்றார் சித்தப்பா. "பெட்டியை உள்ள தள்ளும்போது பிளக் கழண்டிருக்கும். மறுபடி வெளிய இழுக்கச் சோம்பல்பட்டு, பின்னால கையை விட்டுத் தடவிச் சொருகியிருக்காரு. கைக்கு ரெண்டும் ஒண்ணுதானே. எனக்கு ஒரு குரல் கொடுத்திருந்தா நான் வந்து டார்ச் பிடிச்சிருப்பேன். டேப்பு போடற பயல் எதுக்குன்னு விட்டுட்டாரு."

அவர் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு முழங்கையால் கண்ணைத் துடைத்தார்.

அம்மா குனிந்து பார்த்தாள். பொட்டை நகத்தால் தொட்டாள்.

"இது என் நெயில் பாலிஷ்," என்றாள். "காணோம்னு உன்னைத் திட்டினேன் பாப்பா, ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"இதை எதுக்கு மாட்டினாரு தெரியுமா? 'வண்டி ஓட்டிக்கிட்டே போன் எடுக்காதீங்க'ன்னு நான்தான் நச்சரிச்சேன். தினமும். அதுக்காகத்தான் அந்த ஞாயித்துக்கிழமை பூரா..." அவளால் முடிக்க முடியவில்லை. "இதுல அவருக்கு வந்த முதல் போனே என்னோடதாத்தான் இருக்கும்."

ஒரு வருஷமாகக் கணவன் மேல் இருந்த வருத்தம் அந்த நிமிஷத்தில் அவளை விட்டுப் போய்விட்டது. அது போன இடத்தில் வந்து உட்கார்ந்தது அதைவிடக் கனமாக இருந்தது. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான்கு கதவிலிருந்தும் அவர் காதில் விழுந்திருக்கிறது. அவர் சொன்னதில் ஒன்றுகூட இவளுக்கு வரவில்லை.

பாப்பா பிளக்கைப் பிடுங்கிப் பொட்டு வைத்த துளையில் சொருகினாள். 'கிளிக்' என்றது.

*

"நான் பேசிப் பாக்கறேன்," என்றாள் அம்மா. "நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க."

ஓட்டுபவர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பாப்பாவின் போன் வண்டியோடு இணைந்து அங்கேயே இருந்தது. பாப்பா அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, தன் எண்ணுக்கே அழைப்பு போட்டாள். சித்தப்பாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டினாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் அம்மா ஸ்டியரிங்கில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடுவது தெரிந்தது. அழுத்தினாள்.

முதலில் வந்தது மூச்சு. அவ்வளவு கிட்டத்தில், பக்கத்தில் நின்று விடுகிற மூச்சு மாதிரி.

"கேக்குதா?"

"கேக்குதும்மா. சுத்தமாக் கேக்குது."

அம்மா ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தாள். பாப்பா போனை வைத்துவிடலாமா என்று நினைத்தபோது குரல் மறுபடி வந்தது. அது பாப்பாவிடம் பேசுகிற குரல் இல்லை.

"சண்டை போடறதுக்குக் கூப்பிடலைங்க. சாப்பிடாமப் போயிட்டீங்களேன்னுதான் கூப்பிட்டேன். வழியில ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கன்னு சொல்லத்தான் போனை எடுத்தேன். நீங்க பேசலன்னதும் வாய் என்னவோ சொல்லிடுச்சு."

சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க குரல் வேண்டாம்னு எந்த நாளும் நான் நினைச்சதில்லைங்க. இப்பவும் ஆஸ்பத்திரில போன் எடுக்கறப்ப நீங்களா இருக்குமான்னுதான் எடுக்கறேன். பைத்தியம்தான்." கொஞ்ச நேரம் அழுகை மட்டும் கேட்டது. "அன்னிக்கு என்ன சொன்னீங்க? நல்லாத்தான் இருந்தீங்களா? இல்ல, வலிக்குதுன்னு சொன்னீங்களா? கூப்பிட்டீங்களா என்னை? நான் பாட்டுக்கு வெச்சுட்டேனே... என்னதான் சொன்னீங்க?"

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். சித்தப்பா தன் பர்ஸைத் திறந்து, பேப்பரில் மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்தார். நகத்தளவு மெமரி கார்டு.

போனில் கேட்டுவிடாதபடி அவள் காதருகே சொன்னார். "கேமரா ரிப்பேர் இல்ல. நான்தான் கழட்டினேன். அது ரோட்டை மட்டும் பிடிக்கல பாப்பா. வண்டிக்குள்ள பேசறதும் பதிவாகும்."

பாப்பாவும் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டீங்களா?"

"எனக்குத் தைரியம் வரல. கடைசியில வலியில முனகியிருப்பாரு, அது அண்ணி காதுல விழக் கூடாதுன்னு எடுத்து வெச்சேன். நடுவுல அண்ணி போன் பண்ணது எனக்கு எங்க தெரியும்? இனிமே இதை வெச்சுக்க என்னால ஆகாது." கார்டை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"பாப்பா," என்றது போன். "இருக்கியா?"

"இருக்கேன்மா."

"சரி. வர்றேன்."

வண்டி அணைந்தது. அம்மா உள்ளே வந்தாள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது. சாவியை நீட்டினாள்.

"சொன்ன சொல்லு சொல்லுதான். நாளைக்கு எடுத்துட்டுப் போ. நான் கூப்பிட்டா எடுத்து ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

பாப்பா இடது கையை நீட்டினாள். வலது கை மூடியே இருந்தது.

"அந்தக் கையில என்ன?"

பாப்பா சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். இந்த வீட்டில் இன்னொரு விஷயத்தை இன்னொரு வருஷம் மூடி வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. கையை விரித்தாள்.

"கேமராவுல இருந்ததும்மா. அன்னிக்கு வண்டிக்குள்ள பேசினது இதுல இருக்கலாம்."

அம்மா அந்தக் கறுப்புத் துண்டைத் தொடவில்லை. பாப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதை மூடினாள்.

"இன்னிக்கு நான் பேசிட்டேன். அவரு பேசினதைக் கேக்க எனக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டும்." அடுப்புப் பக்கம் திரும்பி, முட்டைக்கு மறுபடி தண்ணீர் பிடித்தாள். முதுகைக் காட்டியபடியே சொன்னாள். "அதுவரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும். தொலைச்சுடாத."